ஆண்டிமடம் தொகுதி எங்கே போயிற்று? தமிழகச் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைகள் குறித்து ஓர் உரையாடல்

முந்திரிக்காட்டான் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். அண்மையில் வீட்டைச் சுத்தம் செய்தபோது மறைந்த என் தந்தையாரின் பழைய வாக்காளர் அடையாள அட்டை கிடைத்தது. அதில் சட்டமன்றத் தொகுதி என்ற இடத்தில் ஆண்டிமடம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. என் அட்டையில் ஜெயங்கொண்டம் என்றிருக்கிறது. நாங்கள் இருவரும் வாக்களித்தது ஒரே ஊரில், ஒரே பள்ளிக் கட்டடத்தில், வேப்பமரத்தை ஒட்டிய அதே வகுப்பறையில்தான். ஊர் நகரவில்லை, தொகுதி மட்டும் நகர்ந்திருக்கிறது.

2006 தேர்தல் வரை ஆண்டிமடம் தனிப் பெயரோடு ஒரு தொகுதியாக இருந்ததும், 2008இல் வந்த மறுவரையறையில், அதாவது தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தபோது, அது நீக்கப்பட்டதும் எனக்குத் தெரியும். நான் அறிய விரும்புவது காரணத்தை. எங்கள் பகுதியில் இதற்கு இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. ஏதோ ஒரு கட்சிக்காரர் தமக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெயரை அடித்துவிட்டார் என்பது ஒன்று. மக்கள்தொகை குறைந்துவிட்டது என்பது மற்றொன்று. எங்கள் ஊரில் மக்கள்தொகை குறைந்ததாக நான் காணவில்லை. முதல் விளக்கத்துக்கோ எவரும் ஆதாரம் காட்டியதில்லை. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய வரைபடம்:

நண்பரே, 2008க்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது. இந்த மாநிலத்தின் தொகுதிகள் எந்தக் காலத்திலும் நிலையாக இருந்தவையல்ல என்பது அப்போதுதான் விளங்கும்.

1952இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 இடங்கள் இருந்தன. ஆனால் தொகுதிகளின் எண்ணிக்கை 309தான். அவற்றுள் 66 இரட்டை உறுப்பினர் தொகுதிகள், அதாவது ஒரே தொகுதியிலிருந்து இருவர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்துக்குப் போக, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மிடம் வந்தன. ஆகவே 1957 தேர்தலில் 167 தொகுதிகளுக்கு 205 உறுப்பினர்கள் என்றாயிற்று. அப்போதும் 38 இரட்டைத் தொகுதிகள் இருந்தன. எல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரலில் தமிழகத்தோடு சேர்ந்த பிறகு எண்ணிக்கை 206 ஆயிற்று. இரட்டை உறுப்பினர் முறை 1961இல் சட்டத்தின் வழியே ஒழிக்கப்பட்டதால், 1962 தேர்தலில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற இன்றைய நிலை வந்தது.

1967 தேர்தலில்தான் 234 என்ற எண் நம் வாழ்க்கைக்குள் நுழைகிறது. அதே ஆண்டில் மக்களவையில் நமக்கிருந்த 41 இடங்கள் 39 ஆகக் குறைந்தன. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள்: 39ஐ 6ஆல் பெருக்கினால் 234. சட்டமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கை மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதும், ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும் என்பதும் மறுவரையறைச் சட்டத்தின் விதிகள்.

1971 கணக்கெடுப்பை வைத்து வரைந்த எல்லைகள் 1977 முதல் 2006 வரை எட்டுச் சட்டமன்றத் தேர்தல்களுக்குப் பயன்பட்டன. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் எல்லைகளைத் திருத்த வேண்டும் என்று அரசமைப்பின் 170ஆம் கூறு சொன்னாலும், 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அதை 2000ஆம் ஆண்டுக்குப் பின் வரும் கணக்கெடுப்பு வரை நிறுத்திவைத்தது. பின்னர் 84ஆவது திருத்தம், மாநிலத்தின் மொத்த இடங்களை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை மாற்றக் கூடாது என்றது. 2003இல் வந்த 87ஆவது திருத்தமோ, மொத்தத்தைத் தொடாமல் உள்ளெல்லைகளை மட்டும் 2001 கணக்கெடுப்பின்படி மாற்றி வரைய வழிசெய்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் அந்த வேலையைத்தான் செய்தது. 234 என்ற மொத்தம் மாறவே முடியாது என்னும்போது, ஓரிடத்தில் ஒரு தொகுதி பிறந்தால் வேறோர் இடத்தில் ஒரு தொகுதி மறைந்தே ஆக வேண்டும்.

முந்திரிக்காட்டான்:

மிக்க நன்றி ஐயா. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. 234இல் எங்கோ ஒன்று மறைய வேண்டும் என்றால், அது ஏன் எங்களுடையதாக இருக்க வேண்டும்?

மீதிக்கணக்கு:

இந்தக் கேள்விக்குக் கணக்கில் விடை இருக்கிறது. நேற்றிரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2001 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. இதை 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2,66,691 பேர் வருகிறார்கள். 1971 கணக்கெடுப்பில் இதே சராசரி ஏறத்தாழ 1,76,000 ஆக இருந்தது. ஆகவே உங்கள் ஊரில் மக்கள்தொகை குறைந்ததாகப் பொருளில்லை. ஒரு தொகுதி பெறுவதற்கு வேண்டிய அளவுதான் உயர்ந்துவிட்டது. படியேறிக்கொண்டிருப்பவனைவிடப் படி வேகமாக உயர்ந்தால் அவன் கீழே இருப்பதாகத்தானே தோன்றும்.

இனி மாவட்டவாரியாகப் பார்ப்போம். ஒவ்வொரு மாவட்டத்தின் மக்கள்தொகையையும் அந்தச் சராசரியால் வகுத்தால் மாவட்டத்துக்கு உரிய பங்கு தெரியும். சென்னைக்கு 16.29 வருகிறது. முன்பு 14 தொகுதிகள், பின்பு 16. கன்னியாகுமரிக்கு 6.28 வருகிறது. முன்பு 7, பின்பு 6, திருவட்டாறு மறைந்தது. தூத்துக்குடிக்கு 5.9 வருகிறது, 7 இருந்த இடத்தில் 6 ஆகிச் சாத்தான்குளம் போயிற்று. திருநெல்வேலிக்கு 10.2 வருகிறது, 11 பத்தாகிச் சேரன்மகாதேவி போயிற்று.

இப்போது உங்கள் பகுதி. 2001இல் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 4,93,646. அரியலூருடையது 6,95,524. ஆணையம் வேலை செய்த காலத்தில் இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன, ஏனென்றால் 2001இல் பிரிக்கப்பட்ட அரியலூர் 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டிருந்தது. சேர்த்தால் 11,89,170. சராசரியால் வகுத்தால் 4.46. பெரம்பலூர், வரகூர், அரியலூர், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று அங்கே அதுவரை இருந்தவை ஐந்து. அரைக்குக் கீழே இருந்தால் தள்ளிவிட வேண்டும் என்ற பள்ளிக்கூடக் கணக்கின்படி ஐந்து நான்காயிற்று. வரகூரும் ஆண்டிமடமும் நீங்கிக் குன்னம் புதிதாக வந்தது.

கதை இங்கே முடியவில்லை. இதே முறையில் எல்லா மாவட்டங்களுக்கும் அரைக்கு மேல் என்றால் கூட்டி, அரைக்குக் கீழ் என்றால் தள்ளிப் போட்டால், மொத்தம் 233தான் வருகிறது. ஓர் இடம் மிஞ்சுகிறது. அந்த 234ஆவது இடம், தள்ளப்பட்ட பின்னங்களுள் பெரிய பின்னம் எந்த மாவட்டத்திடம் இருக்கிறதோ அதற்குப் போவதுதான் முறை. அப்படித் தள்ளப்பட்டவற்றுள் முதலில் நிற்பது புதுக்கோட்டை: 14,59,601 பேர், 5.473 பங்கு. அடுத்து நிற்பது உங்கள் பெரம்பலூர்–அரியலூர்: 4.459 பங்கு. மூன்றாவதாக இராமநாதபுரம், 4.453. உண்மையிலேயே புதுக்கோட்டை 5இலிருந்து 6 ஆயிற்று. இப்படிப் போட்ட கணக்கு இறுதியில் வெளியான பட்டியலோடு ஒரு மாவட்டத்தில்கூடப் பிசகவில்லை.

புதுக்கோட்டைக்கும் உங்களுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை ஆள் கணக்கில் சொல்ல வேண்டுமானால், ஐந்து முழுப் பங்குகளைக் கழித்தபின் புதுக்கோட்டையில் மிஞ்சுவோர் 1,26,146 பேர். நான்கு முழுப் பங்குகளைக் கழித்தபின் உங்கள் பக்கம் மிஞ்சுவோர் 1,22,406 பேர். வேறுபாடு 3,740. ஒரு பெரிய ஊராட்சியின் மக்கள்தொகை கூட இல்லை. கணக்கெடுப்பு நாளில் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போயிருந்தவர்களுள் நாலாயிரம் பேர் ஊரில் இருந்து எண்ணப்பட்டிருந்தால், உங்கள் மாவட்டம் ஐந்து தொகுதிகளோடு இருந்திருக்கும்.

முந்திரிக்காட்டான்:

இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 3,740 பேர்! எங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு அதைவிட அதிகமானோர் வெளியூரிலிருந்து வருவார்கள்.

புதுகைக்காரன்:

எங்களுக்கு ஏதோ பரிசு விழுந்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே நானும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஆம், ஐந்து ஆறாயிற்று. குளத்தூர் தனித்தொகுதி நீங்கி, கந்தர்வகோட்டையும் விராலிமலையும் வந்தன. (வேடிக்கை என்னவென்றால், எங்கள் குளத்தூர் மறைந்த அதே ஆணையில்தான் சென்னையில் கொளத்தூர் பிறந்தது. பெயரைச் சரியாகப் படிக்காத உறவினர் ஒருவர், தொகுதியைத் தூக்கிச் சென்னையில் வைத்துவிட்டார்கள் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.) ஆனால் அதே ஆணை எங்கள் மக்களவைத் தொகுதியை இல்லாமலாக்கியது. இன்று புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. விராலிமலை கரூரில் இருக்கிறது. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில் இருக்கின்றன. அறந்தாங்கி இராமநாதபுரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் தனிச் சமஸ்தானமாக இருந்த மண், நான்கு மக்களவை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வேண்டும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எங்களிடம் இருப்பவை சரியாக ஆறு. தனி மக்களவைத் தொகுதிக்கு வேண்டிய எண்ணிக்கையைக் கொடுத்த அதே கையே அவற்றைப் பிரித்து நான்கு திசைகளில் வைத்துவிட்டது என்றால், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மீதிக்கணக்கு:

உங்கள் வருத்தம் நியாயமானது. கணக்கு இடங்களின் எண்ணிக்கையைத்தான் தீர்மானிக்கிறது. கோடு எங்கே விழும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஒன்பது தொகுதிகள். ஆறு போனால் மூன்று மிஞ்சும், அந்த மூன்று மட்டும் தனியே நிற்க முடியாது. பக்கத்து மாவட்டத்தில் மிஞ்சியதை இழுத்துச் சேர்த்தால் அங்கே குறையும். அந்தக் குறையை அடுத்த மாவட்டம் நிரப்ப வேண்டும். புதுக்கோட்டையின் ஆறும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தால், சுற்றிலும் நான்கு தொகுதிகளை வேறு விதமாக வரைந்திருக்க வேண்டும். முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்ய வேண்டாம் என்று எடுத்த முடிவு மனிதர்கள் எடுத்ததே தவிர எண்கள் எடுத்ததன்று.

செந்துறைப் பாதை:

நான் குன்னம் தொகுதி வாக்காளர். முந்திரிக்காட்டாருக்குப் பக்கத்துத் தொகுதிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேறொரு விந்தை நேர்ந்திருக்கிறது.

குன்னம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. நான் வசிக்கும் செந்துறைப் பகுதி அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே சட்டமன்றத் தொகுதி. சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் நான் அரியலூர் ஆட்சியரகத்துக்குப் போகிறேன். என் சட்டமன்ற உறுப்பினருக்கோ இரண்டு ஆட்சியர்கள். மாவட்ட எல்லையை மதித்து வரைய வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கும்போது இது எப்படி நேர்ந்தது என்று வெகுநாள் குழம்பியிருந்தேன். மேலே உள்ள பதிவைப் படித்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. கோடு போட்டபோது இது ஒரே மாவட்டம். அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது 2007 நவம்பரில். மறுவரையறை ஆணை நடைமுறைக்கு வந்தது 2008 பிப்ரவரியில். இடையில் மூன்று மாதம்தான். வரைந்தவர்கள் மதித்த எல்லை, வரைபடத்தின் மை காய்வதற்குள் மாறிவிட்டது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 2009இல் திருப்பூர், 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020இல் மயிலாடுதுறை என மாவட்டங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. வருவாய் வட்டங்களும் பிரிகின்றன. ஆணையில் உடையார்பாளையம் வட்டம் என்று எழுதப்பட்ட பரப்பிலிருந்து ஆண்டிமடம் பின்னர் தனி வட்டமாகிவிட்டது. தொகுதியோ அன்று எழுதப்பட்ட ஊர்ப்பெயர்களின் பட்டியலாகவே உறைந்து நிற்கிறது.

பழைய வரைபடம்:

மிகச் சரி. தொகுதி என்றால் வரைபடத்தில் வண்ணம் பூசிய ஒரு வடிவம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது ஒரு பத்தி உரை மட்டுமே: இன்ன வட்டம் முழுவதும், இன்ன வட்டத்தில் இன்னின்ன ஊர்கள், இன்ன பேரூராட்சி, அவ்வளவுதான். அந்தப் பத்தியின் நடுவே வரும் ‘பகுதி’ என்ற ஒரு சொல் எத்தனை குடும்பங்களைப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை அந்தப் பட்டியலை ஊர் ஊராகப் படித்தவர்கள் அறிவார்கள்.

வேளச்சேரி வாடகைக்காரர்:

சென்னைப் பக்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஊர்களில் மறைந்த தொகுதிகள் வந்து சேர்ந்த இடம் இதுதான். நகருக்குள் பூங்கா நகரும் புரசைவாக்கமும் நீங்கின. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாயின. வேளச்சேரி, கொளத்தூர், விருகம்பாக்கம் ஆகியவையும், நகருக்கு வெளியே சோழிங்கநல்லூர், பல்லாவரம், மதுரவாயல், ஆவடி, அம்பத்தூர், மாதவரம் ஆகியவையும் புதிதாக வந்தன. முன்பு இராயபுரத்திலிருந்து தொடங்கிய தொகுதி வரிசை எண்கூட இப்போது கும்மிடிப்பூண்டியிலிருந்து தொடங்குகிறது.

சமமாகத்தானே பிரித்தார்கள் என்று கேட்டால், 2001 கணக்குக்குச் சமமாகத்தான் பிரித்தார்கள். ஆனால் பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் மென்பொருள் நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் முளைத்ததெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு. 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. அதாவது துறைமுகத்துக்காரர் ஒருவரின் வாக்கு, சோழிங்கநல்லூர்க்காரர் மூவரின் வாக்குக்கு மேல் எடை உடையது. முந்திரிக்காட்டார் 3,740 பேருக்கு மலைக்கிறார். நாங்கள் லட்சக்கணக்கில் மலைத்துக்கொண்டிருக்கிறோம்.

தனித்தொகுதி நோக்கர்:

எல்லையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எல்லை நகராமலே தொகுதி தலைகீழாக மாறும் இன்னொரு வழி இருக்கிறது, அதுதான் இடஒதுக்கீடு.

2008க்கு முன் பட்டியலினத்தவருக்கு 42 தொகுதிகளும் பழங்குடியினருக்கு மூன்றும் ஒதுக்கப்பட்டிருந்தன. இப்போது முறையே 44, 2. பழங்குடியினருக்கான உப்பிலியபுரம் மறைந்து ஏற்காடும் சேந்தமங்கலமும் மிஞ்சின. ஒரு தொகுதி தனியாவதும் பொதுவாவதும் அரசியலில் எவ்வளவு அசைவை உண்டாக்கும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். பெரியகுளம் தனித்தொகுதியானதும், 2001இலும் 2006இலும் அங்கே வென்ற ஓ. பன்னீர்செல்வம் 2011இல் போடிநாயக்கனூருக்கு மாறினார். மறுபக்கம், தனித்தொகுதியாக இருந்த திருவாரூர் பொதுத்தொகுதியானதால்தான் கலைஞர் மு. கருணாநிதி 2011இல் தம் சொந்த மண்ணில் நிற்க முடிந்தது.

எனக்குள்ள குறை, சுழற்சி இல்லை என்பதே. உள்ளாட்சிகளில் ஒதுக்கீடு சுழன்று வருகிறது. சட்டமன்றத்தில் ஒரு முறை தனித்தொகுதியானால் அடுத்த மறுவரையறை வரை, அதாவது நம் அனுபவத்தில் முப்பது ஆண்டுகள், அப்படியே நிற்கும். சுழற்சி வைத்தால் உறுப்பினர் மறுமுறை நிற்க முடியாமல் தொகுதியைக் கவனிக்க மாட்டார் என்ற எதிர்வாதத்தையும் நான் அறிவேன். அதில் பாதியையாவது ஒப்புக்கொள்கிறேன்.

முந்திரிக்காட்டான்:

ஒரு சந்தேகம். இத்தனை குறைகளை வைத்துக்கொண்டு ஏன் எவரும் நீதிமன்றம் போகவில்லை? எங்கள் ஊரில் பேசிக்கொள்ளும் அந்தக் கட்சிக்காரர் கதையிலும் ஏதேனும் உண்மை உண்டா?

பழைய வரைபடம்:

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆணையத்தோடு இணை உறுப்பினர்களாக மாநிலத்திலிருந்து ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் அமர்வார்கள். கருத்துச் சொல்லலாம், மறுப்பைப் பதிவு செய்யலாம். வாக்களிக்கவோ முடிவில் கையெழுத்திடவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமன்றமே தன் தொகுதிகளை வரைந்துகொள்கிறது, இங்கே அப்படியில்லை. ஆகவே ஒருவர் பெயரை அடித்தார் என்பதைவிட, பின்னம் அடித்தது என்று நண்பர் காட்டிய கணக்கே எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. அந்த நான்கு தொகுதிகளுக்கு எந்த ஊர்ப் பெயரை வைப்பது என்ற முடிவில் யார் பேச்சு எடுபட்டது என்பது வேறு கேள்வி. அதில் நான் எவருக்கும் நற்சான்று கொடுக்க மாட்டேன்.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, அரசமைப்பின் 329ஆம் கூறு கதவைச் சாத்திவைத்திருக்கிறது. உஜ்ஜயினித் தொகுதியைத் தனித்தொகுதியாக்கியதை எதிர்த்து வந்த வழக்கில், வெளியிடப்பட்ட ஆணை சட்டத்துக்கு நிகரானது, அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 1966இல் கூறியது. குஜராத்தின் பர்தோலி தொகுதி குறித்த வழக்கில் 2024இல் அது சற்று இறங்கிவந்து, வெளிப்படையாகத் தன்னிச்சையானதாகவும் அரசமைப்பின் விழுமியங்களோடு பொருந்தாததாகவும் இருக்கும் ஆணையை நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. 4.46ஐ 4 ஆக்கியது தன்னிச்சை என்று எந்த வழக்குரைஞரும் வாதாட முடியாது என்பது என் கருத்து.

புதுகைக்காரன்:

பெரம்பலூர்–அரியலூரின் நான்கு தொகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் 2.97 லட்சம் பேர், எங்களிடம் ஆறில் ஒவ்வொன்றுக்கும் 2.43 லட்சம் பேர் என்று இப்போதுதான் வகுத்துப் பார்த்தேன். ஒரு தொகுதிக்கு 54,000 பேர் வேறுபாடு. முந்திரிக்காட்டாரே, என் பதிவில் இருந்த சூட்டைக் கொஞ்சம் குறைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மீதிக்கணக்கு:

இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் நாளை ஆதாரமாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு என்ற அரசமைப்பின் சொற்களுக்கு அது பொருந்துகிறது. நாடே மக்களவை இடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, அது தேவையான பேச்சுதான். ஆனால் மாநிலத்துக்குள் நடக்கப்போகும் மறுபங்கீட்டை எவரும் பேசக் காணோம். 2001க்கும் 2011க்கும் இடையே அரியலூர்ப் பகுதியின் மக்கள்தொகை 8.5 விழுக்காடுதான் வளர்ந்தது. மாநிலம் முழுவதுமோ 15.6 விழுக்காடு. அந்தப் போக்கே தொடர்ந்தால், 234 என்ற மொத்தம் மாறாமல் இருக்கும்வரை, அந்தப் பக்கத்தின் 4.46 இன்னும் கீழே இறங்கும். சோழிங்கநல்லூரை இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்க வேண்டிய இடங்கள் எங்கிருந்து வரும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

முந்திரிக்காட்டான்:

அனைவருக்கும் நன்றி. தந்தையாரின் அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பழைய அட்டைகளின் எண்ணில் மாநிலத்தைக் குறிக்கும் எழுத்துகளுக்குப் பின் மக்களவைத் தொகுதியின் எண்ணும் சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் சாய்கோடுகளுக்கு இடையே இருக்கும். இன்று அந்த எண்ணில் ஆண்டிமடம் இல்லை, எங்கள் ஜெயங்கொண்டத்தின் எண் 150. அட்டையை என் அட்டையோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 2027இல் கணக்கெடுப்பாளர் வரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டும் என்று திருப்பூரிலுள்ள என் தம்பிகள் இருவருக்கும் இப்போதே சொல்லிவிட்டேன். இன்னும் 3,738 பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.